தீர்ப்பின் கடைசி வரியில் அழிக்கப்படுவது

கொலை வழக்கிலோ பாலியல் வன்கொடுமை வழக்கிலோ அமர்வு நீதிமன்றம் தந்த தண்டனைத் தீர்ப்பு ஒன்றைக் கையில் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள் தோழர்களே. எத்தனை ஆண்டு சிறை, எவ்வளவு அபராதம், கட்டத் தவறினால் இன்னும் எத்தனை மாதம் என்பதெல்லாம் முடிந்த பிறகு, பெரும்பாலான தீர்ப்புகளில் சான்றுப் பொருட்களைப் பற்றி ஒரு வரி இருக்கும். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும், மேல்முறையீடு செய்யப்பட்டிருந்தால் அதன் முடிவுக்குப் பிறகு, பயனற்ற சான்றுப் பொருட்களை அழித்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வரி.

அந்த வரியை யாரும் படிப்பதில்லை. தண்டனை எத்தனை ஆண்டு என்று கேட்டுக்கொண்டு வக்கீல் அடுத்த வழக்குக்குப் போய்விடுகிறார். கோர்ட் வாசலில் நிற்கிற அம்மாவுக்குத் தீர்ப்பு எந்த மொழியில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அங்கே 'அழிக்க' என்று எழுதப்பட்டிருப்பது இரத்தக் கறை படிந்த லுங்கி, பாவாடை, ஒரு கொத்து முடி, அரிவாளின் பிடி போன்ற பொருட்கள். அவர் மகன் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்றால், அதை நாளைக்கு நிரூபிக்கக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பொருட்களாக இருக்கலாம்.

2022-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைதானவர்களின், தண்டிக்கப்பட்டவர்களின் விரல்ரேகை, கருவிழி, உயிரியல் மாதிரி, அவற்றின் ஆய்வு முடிவு ஆகியவற்றின் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. நம்மைப் பிடிக்க உதவும் பதிவுக்கு 75 ஆண்டு ஆயுள். நம்மை விடுவிக்க உதவும் கறைக்கோ மேல்முறையீடு முடியும் வரைதான் ஆயுள். இந்தக் கணக்கில் இருக்கும் அநியாயத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

டிஎன்ஏ முதலில் ஒரு நிரபராதியை விடுவித்தது

டிஎன்ஏ என்றதும் நம் பொதுப்புத்தியில் வருவது, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் விஞ்ஞானம் என்ற சினிமாப் படம். வரலாறு வேறு. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983-லும் 1986-லும் இரண்டு பள்ளிச் சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார்கள். ரிச்சர்ட் பக்லண்ட் என்ற 17 வயது இளைஞரைப் போலீஸ் பிடித்தது. இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக அவர் ஒப்புக்கொண்டார். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏ ரேகை முறையைக் கண்டறிந்திருந்த அலெக் ஜெஃப்ரீஸ் மாதிரிகளைச் சோதித்தார். இரண்டு குற்றங்களையும் செய்தது ஒரே ஆள், அந்த ஆள் பக்லண்ட் இல்லை என்று முடிவு வந்தது. உண்மைக் குற்றவாளி காலின் பிட்ச்ஃபோர்க் பிறகுதான் பிடிபட்டு, 1988-ல் தண்டிக்கப்பட்டான். ஆக, குற்ற வழக்கில் டிஎன்ஏ செய்த முதல் வேலை, 'நான்தான் செய்தேன்' என்று போலீசிடம் சொன்ன ஒரு நிரபராதியை வெளியே கொண்டுவந்தது.

அமெரிக்காவில் 1989-ல் டிஎன்ஏ சோதனையால் முதல் தண்டனை ரத்தானது. 1992-ல் பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரு வழக்கறிஞர்கள் நியூயார்க்கின் கார்டோசோ சட்டக் கல்லூரியில் 'இன்னசன்ஸ் புராஜெக்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே கைதிகளின் கடிதங்களைப் படித்து, பழைய சான்றுப் பொருட்களைத் தேடிப் போனவர்களில் சட்ட மாணவர்களும் உண்டு. அந்த அமைப்பின் கணக்குப்படி 1989 முதல் 2020 வரை 375 பேர் டிஎன்ஏ சோதனையால் நிரபராதி என்று நிரூபிக்கப்பட்டார்கள். அவர்களில் 21 பேர் மரண தண்டனைக் கைதிகளாக இருந்தவர்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 14 ஆண்டுகள் சிறையில் கழித்திருந்தார்கள். 10 பேரில் 6 பேர் கறுப்பின மக்கள்.

இந்தக் கடைசி எண்ணை நாம் இரண்டு முறை படிக்க வேண்டும். டிஎன்ஏவுக்கு நிறம் தெரியாது. அது கறையை மட்டும்தான் பார்க்கும். அப்படிப்பட்ட சோதனை சிறைக் கதவைத் திறந்து பார்த்தபோது, உள்ளே தவறாக அடைக்கப்பட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவராக இருந்தார்கள். 1989-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் கறுப்பின, லத்தீன் சிறுவர்கள் 5 பேரிடம் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கித் தண்டித்தார்கள். 2002-ல் வேறொருவன் தானே அந்தக் குற்றத்தைச் செய்ததாகச் சொன்னான். டிஎன்ஏ அவனோடு பொருந்தியது. 5 பேரின் தண்டனையும் ரத்தானது. இனவெறியைப் பற்றிக் கறுப்பின மக்கள் பல தலைமுறையாகச் சொல்லிவந்ததை ஒரு சோதனைக் குழாய் உறுதிப்படுத்தியது.

இந்தியச் சிறைகளில் அப்படி ஒரு கதவு இன்னும் திறக்கப்படவில்லை. திறந்தால் உள்ளே யார் இருப்பார்கள்? தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட இந்திய மரண தண்டனை அறிக்கை சொல்கிறது: தூக்குக் கைதிகளில் 24.5 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். யாருக்கு வக்கீல் இல்லையோ, யாருக்காக ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்க ஆள் இல்லையோ, அவர்கள்தான் தூக்குக் கொட்டடியில் இருக்கிறார்கள்.

சுருளி அருவி வழக்கு நமக்குச் சொல்வது

2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவிக்குப் போன ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்டது. அந்தப் பெண் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளாக்கப்பட்டிருந்தார். கைது செய்யப்பட்ட ஒருவருக்கு 2018-ல் தேனி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. அரசுத் தரப்பின் பெரிய பலமாக நின்றது டிஎன்ஏ அறிக்கை.

2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு அவரை விடுதலை செய்தது. எடுக்கப்பட்ட மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, இடைப்பட்ட நாட்களில் எங்கே, எந்த நிலையில் இருந்தது என்பதை அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை. மாதிரி கெட்டுப்போயிருக்கவோ கலந்துபோயிருக்கவோ வாய்ப்பில்லை என்று சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட அறிக்கையை நம்பி ஒரு மனிதரைத் தூக்கில் போட முடியாது என்றது தீர்ப்பு. அதோடு நாடு முழுவதற்குமான நெறிமுறைகளையும் வகுத்தது. மாதிரியின் உறையில் எஃப்ஐஆர் எண், தேதி, காவல் நிலையம், விசாரணை அதிகாரி விவரம் எழுதி, மருத்துவரும் அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணம் பதிவாக வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது. மாதிரி கைமாறிய ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி, தண்டனை அல்லது விடுதலை வரை அதைப் பராமரித்து, வழக்கு ஆவணங்களோடு சேர்க்க வேண்டும்.

நல்ல நெறிமுறைகள். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, இந்த வழக்கில் டிஎன்ஏ ஒருவரை 'நிரபராதி' என்று நிரூபிக்கவில்லை. டிஎன்ஏவைக் கையாண்ட விதம் சரியில்லை என்பதால் அவர் வெளியே வந்தார். இந்தியாவில் மேல் நீதிமன்ற விடுதலைகள் பெரும்பாலும் இப்படிச் 'சந்தேகத்தின் பலனில்' கிடைப்பவைதான். சட்டத்துக்கு அது போதும். ஊருக்குப் போதாது. விடுதலையாகி வரும் இளைஞனை ஊர் 'தப்பிச்சு வந்தவன்' என்றுதான் பார்க்கும். அவன் சேரிக்காரனாக இருந்தால், அந்தப் பேச்சு அவனோடு நிற்காது, தெரு முழுவதற்கும் ஒட்டும். வேலை கிடைக்காது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது. அடுத்த திருட்டு நடக்கும்போது முதல் ஜீப் அவன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். 'நிரூபிக்கப்படவில்லை' என்பதற்கும் 'இவர் செய்யவில்லை' என்பதற்கும் உள்ள தூரம், நம் தெருக்களில் ஒரு வாழ்க்கையின் தூரம்.

இரண்டு, அந்தப் பதிவேட்டின் ஆயுள் தண்டனை வரும் நாள் வரைதான். தண்டனைக்குப் பிறகு என்ன? பழைய கறையை இன்றைய முறையில் மறுபடி சோதிக்க வேண்டும் என்று கேட்க ஒரு கைதிக்கு உரிமை உண்டா? அமெரிக்காவில் 2004-ல் ஒன்றியச் சட்டம் அந்த உரிமையைத் தந்தது. 2013-க்குள் 50 மாநிலங்களிலும் அதற்கான சட்டம் வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு சட்டப் பிரிவே இல்லை. இருப்பது, மேல்முறையீட்டு நீதிமன்றம் தேவைப்பட்டால் கூடுதல் சாட்சியம் எடுக்கலாம் என்ற பொதுவான அதிகாரம் மட்டுமே; புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் அது 432-வது பிரிவு. 'எடுக்கலாம்' என்பது நீதிபதியின் விருப்பம். அது கைதியின் உரிமை ஆகாது. மேல்முறையீடு முடிந்துவிட்டால் அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிடும்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வாருங்கள். பிஎன்எஸ்எஸ் 498-வது பிரிவு, பழைய சட்டத்தில் 452, விசாரணை முடிந்ததும் பொருட்களை அழிக்கவோ ஒப்படைக்கவோ உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த உத்தரவை 2 மாதம் வரை, மேல்முறையீடு இருந்தால் அது முடியும் வரை, நிறைவேற்றக் கூடாது. அவ்வளவுதான் பாதுகாப்பு. தீர்ப்பு நகலை வாங்கவும், வக்கீல் பிடிக்கவும், கடன் வாங்கவும் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு 2 மாதம் போதுமா? பணமுள்ளவரின் சான்றுப் பொருள் உச்ச நீதிமன்றம் வரை பத்திரமாக இருக்கும். பணமில்லாதவரின் சான்றுப் பொருளை 61-ஆம் நாள் எரிக்கச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை.

டிஎன்ஏ யார் கையில் இருக்கிறது?

'சோதனை வந்தால் உண்மை வந்துவிடும்' என்று மட்டும் நம்பிப் போனால் நாம் ஏமாறுவோம். வேங்கைவயலை மறந்துவிடாதீர்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. டிஎன்ஏ சோதனைக்கு முதலில் அழைக்கப்பட்ட 11 பேரில் 8 பேர் மறுத்தார்கள். பாதிக்கப்பட்ட எங்களையே ஏன் சோதிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு சிறுவர்கள் உட்பட 31 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. இருந்தும் 2025 ஜனவரியில் அதே வேங்கைவயலைச் சேர்ந்த தலித்துகள் 3 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர்கள் அதை மறுக்கிறார்கள். வழக்கின் முடிவை நாம் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கலாம். டிஎன்ஏ பொருந்தியிருந்தால் அது 'மறுக்க முடியாத விஞ்ஞானம்' ஆகியிருக்கும். பொருந்தாதபோது மட்டும் அது ஏன் ஒன்றுமில்லாததாகிவிடுகிறது?

ஹாத்ரஸையும் நினைவில் வையுங்கள். 2020 செப்டம்பர் 14 அன்று உத்தரப் பிரதேசத்தில் அந்த 19 வயது தலித் பெண் தாக்கப்பட்டார். தடய ஆய்வுக்கான மாதிரி 11 நாட்கள் கழித்துத்தான் எடுக்கப்பட்டது. பிறகு, விந்தணு இல்லை என்று ஆய்வக அறிக்கை சொல்வதால் பாலியல் வன்கொடுமை நடக்கவில்லை என்று ஒரு மூத்த காவல் அதிகாரி பகிரங்கமாக அறிவித்தார். 11 நாள் தாமதத்தை உண்டாக்கிவிட்டு, அந்தத் தாமதத்தையே சாட்சியாக்கினார்கள். 2023 மார்ச்சில் நீதிமன்றம் 3 பேரை விடுவித்தது. ஒருவருக்கு மட்டும் தண்டனை, அதுவும் பாலியல் வன்கொடுமைக்காக அல்ல.

ஆகவே, 48 மணி நேர விதி குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் காப்பது அல்ல. தலித் பெண்ணின் மீது நடந்த வன்கொடுமையை அழிந்துபோகாமல் காப்பதும் அதே விதிதான். மாதிரி தாமதமானாலும் தொலைந்தாலும் இரண்டு பக்கமும் அடிவாங்குவது நாம்தான். சிறைக்குள் இருப்பவர்களிலும் நம் பிள்ளைகள் அதிகம். நீதி கிடைக்காமல் போகும் பெண்களிலும் நம் பிள்ளைகள் அதிகம்.

எல்லையில் இருக்கும் நமக்கு இது ஏன் இன்னும் அவசரம்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வேலை செய்கிற எங்களுக்கு இது தூரத்து விவாதம் இல்லை. இது சிப்காட் மண். சூளகிரி, தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கமிருந்து வரும் காலனிப் பையன்களும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கும் தொழிலாளர்களும் ஒப்பந்தக் கூலிகளாக ஓடும் ஊர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே வேறு மாநிலம், வேறு போலீஸ், வேறு மொழி. காலையில் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போனவன் அங்கே ஒரு வழக்கில் சிக்கினால், ஆனேக்கல் கோர்ட்டில் கன்னடத்தில் நடக்கும் பேச்சை நின்று கேட்க வேண்டும். கூடப் போகும் அப்பாவுக்குத் தமிழோ தெலுங்கோதான் தெரியும். பரப்பன அக்ரகாரச் சிறை நமக்குச் சேலம் சிறையைவிடப் பக்கம். ஆனால் அங்கே உள்ளே இருப்பவனுக்கு யாரிடம் என்ன மனு கொடுப்பது என்று சொல்ல ஆளில்லை.

போலீசுக்கு எல்லை ஒரு தடையாக இருந்ததில்லை. 2023 ஜூனில் கிருஷ்ணகிரி மாவட்டம் புளியாண்டப்பட்டியிலிருந்து குறவர் சமூக மக்களை, பெண்கள் உட்பட, ஒரு திருட்டு வழக்குக்காக ஆந்திராவின் சித்தூர் போலீஸ் பிடித்துப் போனது. அடித்துச் சித்திரவதை செய்தார்கள், பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் புகார் சொன்னார்கள். இப்படித்தான் ஒப்புதல் வாக்குமூலங்கள் பிறக்கின்றன. போலீசிடம் சொன்ன வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதன் வழியாக ஒரு பொருள் 'கைப்பற்றப்பட்டால்' அந்தப் பகுதி மட்டும் செல்லும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதனால்தான் எத்தனையோ வழக்குகளில் ஒரே கதையைப் படிக்கிறோம். குற்றவாளி தானாக முன்வந்து ஒப்புக்கொள்கிறார். புதர் மறைவிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுக்கிறார். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் மகஜரில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கத்தியில் உள்ள இரத்தம் யாருடையது, பிடியில் உள்ள வியர்வை யாருடையது என்று கேட்கும் உரிமைதான் நமக்கு வேண்டும்.

பொருட்கள் பேசும் என்பதை இந்த மண் பார்த்திருக்கிறது. 2018 நவம்பரில் ஓசூர் அருகே சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த தலித் இளைஞரும், சாதி மீறி அவரை மணந்த பெண்ணும் கொல்லப்பட்டு, கர்நாடகத்தில் காவிரியில் உடல்களாகக் கிடைத்தார்கள். அவர் போட்டிருந்த அம்பேத்கர் படம் போட்ட டி-சர்ட்டில் இருந்த ஊர்ப் பெயர்தான் அடையாளம் காண உதவியது என்று அப்போது செய்திகள் வந்தன. உடல் கிடைப்பது ஒரு மாநிலத்தில், புகார் இருப்பது இன்னொரு மாநிலத்தில். இப்படிப்பட்ட வழக்குகளில் சட்டையும் இரத்த மாதிரியும் எத்தனை கை மாறும், எத்தனை அலமாரியில் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தாலே போதும், கிருமி வளர்ந்து டிஎன்ஏ சிதைந்துவிடும். உலர்த்திக் காகித உறையில் வைத்தால் பல ஆண்டு கழித்தும் சோதிக்கலாம். ஒரு காகித உறைக்கும் ஒரு பிளாஸ்டிக் பைக்கும் நடுவில் ஒருவருடைய ஆயுள் தண்டனை தொங்கிக்கொண்டிருக்கிறது.

நம்மை நோக்கி வரும் கேள்விகள்

'குற்றவாளிகளைக் காப்பாற்றுவதா தலித் இயக்கத்தின் வேலை?' என்று கேட்பார்கள். பதில் எளிது. தவறான ஆள் உள்ளே இருக்கிறான் என்றால், சரியான ஆள் வெளியே இருக்கிறான். பிட்ச்ஃபோர்க் பிடிபட்டதற்குக் காரணம், பக்லண்ட் அவனில்லை என்று முதலில் தெரிந்ததுதான். சுருளி அருவியில் கொல்லப்பட்ட இருவரின் குடும்பங்களும் 14 ஆண்டு காத்திருந்தார்கள். மாதிரியை ஒழுங்காகக் கையாண்டிருந்தால் இன்று அவர்களுக்கு ஒரு பதிலாவது இருந்திருக்கும். அந்தக் குடும்பங்களுக்கு அநீதி செய்தது விடுதலைத் தீர்ப்பு அல்ல, விசாரணை.

'டிஎன்ஏ தவறே செய்யாதா?' என்றும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். செய்யும். மாதிரி கலக்கலாம், மாற்றி ஒட்டப்படலாம், அளவு மிகக் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். 'பொருந்துகிறது' என்பது எப்போதும் ஒரு நிகழ்தகவு. அந்த ஆளின் டிஎன்ஏ அங்கே எப்படி வந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும். குற்றவாளியுடையது மட்டுமே ஆன ஒரு கறையோடு 'பொருந்தவில்லை' என்பது அப்படியல்ல, அது ஆளை விலக்கிவிடும். விஞ்ஞானம் அதிக உறுதியோடு பேசுவது விலக்கும்போதுதான். நம் சட்டமோ விஞ்ஞானத்தைச் சேர்ப்பதற்கு மட்டுமே கூப்பிடுகிறது. சோதிக்கும் ஆய்வகமும் தமிழ்நாட்டில் காவல்துறையைப் போலவே உள்துறையின் கீழ்தான் இருக்கிறது. பிடிப்பவரும் சோதிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, 'மறுபடி சோதியுங்கள்' என்று கேட்கும் உரிமை இன்னும் அவசியமாகிறது.

ஒரு நாளுக்கு 86 ரூபாய்

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த நாடோடிப் பழங்குடியினர் 6 பேர் 2003-ல் நடந்த ஒரு கொடூரக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றமே 6 பேருக்கும் மரண தண்டனை என்றது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை மறுபரிசீலனை செய்து 6 பேரையும் விடுவித்தது. பாதிக்கப்பட்ட பெண் போலீஸ் காட்டிய படங்களில் வேறு 4 பேரை அடையாளம் காட்டியிருந்தார். போலீஸ் அவர்களைத் தேடவில்லை. கையில் கிடைத்த நாடோடிகள் போதும் என்று முடித்துக்கொண்டது. 16 ஆண்டுகளுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. கணக்குப் போடுங்கள், ஒரு நாளுக்கு 86 ரூபாய்கூட வராது.

இதற்கு 6 மாதம் முன்புதான், 2018 செப்டம்பரில், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் தர அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அவருக்கு நடந்ததும் அநீதி. அவர் பெற்றது நியாயம், இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம். நாம் கேட்பது, விஞ்ஞானியின் மானத்துக்கும் நாடோடியின் 16 ஆண்டுக்கும் எந்தத் தராசில் எடை போட்டீர்கள் என்பதுதான். தராசு என்று ஒன்று இல்லை என்பதே உண்மை. தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 277-வது அறிக்கையில் தவறான வழக்குகளுக்கு இழப்பீட்டுச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுருளி அருவித் தீர்ப்பும் அமெரிக்காவின் இழப்பீட்டு நடைமுறையைச் சுட்டிக்காட்டிவிட்டு, முடிவை நாடாளுமன்றத்திடம் விட்டது. அறிக்கை அலமாரியில் தூங்குகிறது.

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

நாம் கேட்பவை இவை. தண்டனைக்குப் பிறகும் டிஎன்ஏ சோதனை கேட்கக் கைதிக்குச் சட்டபூர்வ உரிமை வேண்டும். உயிரியல் தடயம் உள்ள சான்றுப் பொருளைத் தண்டனைக் காலம் முடியும் வரை அழிக்கக் கூடாது. 75 ஆண்டு நம் பதிவை வைத்திருக்க இடம் இருந்தால், ஒரு சட்டையை வைத்திருக்கவும் இடம் இருக்கும். மாதிரி கைமாறும் பதிவேட்டின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் கேட்காமலே தரப்பட வேண்டும். தடய ஆய்வகம் உள்துறையின் பிடியிலிருந்து விடுபட வேண்டும். இழப்பீட்டுச் சட்டம் வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டக் கல்லூரியிலும் சமூகப் பணித் துறையிலும் சமூகவியல் துறையிலும் படிக்கிற தோழர்கள் இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. உங்கள் ஊரில் நீண்ட தண்டனையில் இருப்பவரின் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள். தீர்ப்பின் நகலைத் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அது கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். என்னென்ன சான்றுப் பொருட்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன, எவை ஆய்வகத்துக்குப் போயின, எவை போகவே இல்லை என்று பட்டியல் போடுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், அந்தப் பொருட்களைப் பாதுகாக்கவும் சோதிக்கவும் கேட்டு மனுப் போடச் சொல்லி வக்கீலிடம் நில்லுங்கள். வக்கீல் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. புதிய வழக்குகளில் முதல் நாளிலிருந்தே கேளுங்கள்: மாதிரி எப்போது எடுத்தீர்கள், 48 மணி நேரத்தில் போனதா, பதிவேடு எங்கே? பாதிக்கப்பட்ட நம் பெண்ணுக்காக நிற்கும்போதும் இதையே கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்ட நம் பையனுக்காக நிற்கும்போதும் இதையே கேளுங்கள். கேள்வி ஒன்றுதான்.

இதெல்லாம் பெரிய போராட்டம் மாதிரி தெரியாது. கொடி இருக்காது, மேடை இருக்காது. கோர்ட் நகல் பிரிவில் வரிசையில் நின்று, கட்டம் கட்டமாகத் தேதிகளைக் குறிக்கிற வேலை. ஆனால் அமெரிக்காவில் அந்த 375 பேரின் கதவைத் திறந்ததும் இந்த வேலைதான். கடிதம் படித்தார்கள், கிடங்குகளில் தேடினார்கள், அழிக்கப்படாமல் மிஞ்சிய ஒரு துண்டுத் துணியைக் கண்டுபிடித்தார்கள். இங்கே அந்தத் துணியை எரிக்கச் சொல்லி ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு தீர்ப்பின் கடைசி வரி எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வரியைப் படிக்க நம்மில் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.

ஜெய்பீம்!